'டொலேடோ' என்று பொறித்திருந்தால் போதுமா? ரேப்பியர் நகல் வாங்குவோர் கவனத்துக்கு

ரேப்பியர் என்பது குத்திச் சண்டையிடும் நீண்ட ஒல்லி வாள். கையைக் காக்கக் கிண்ணக் காப்பு வைத்த ஸ்பானிய ரேப்பியரின் நகல் ஒன்று, விலை 420 யூரோ. விளம்பரம் சொன்னது: கார்பன் ஸ்பிரிங் ஸ்டீல் அலகு, எடை 1.1 கிலோ, கைப்பிடிக்குள் ஓடும் அலகின் வால், பிடியின் கடைசியிலுள்ள குமிழைத் துளைத்து வெளியே வந்து தட்டி இறுக்கப்பட்டது, 17-ஆம் நூற்றாண்டு மாதிரி. பெட்டியில் வந்தது: 1.58 கிலோவில் ஒரு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் சுவர் அலங்காரம். விற்றவர் பெயர் இங்கே வேண்டாம். இதே சரக்கு வேறு வேறு பெயர்களில் சுற்றுகிறது, அதனால் வாளைப் பார்த்தே கண்டுபிடிக்கத் தெரிந்திருக்க வேண்டும்.

முதலில் எடை. அசல் ரேப்பியர்கள் பெரும்பாலும் 1 கிலோவுக்கும் 1.4 கிலோவுக்கும் இடையில் நிற்கும். அதைவிடக் கனமான அசல்களும் உண்டு, ஆகவே தராசை மட்டும் நம்பித் தீர்ப்புச் சொல்ல முடியாது. அந்த எடை எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று பாருங்கள். வாளைக் கிடையாக ஒரு விரல்மேல் நிறுத்தினால், நல்ல ரேப்பியரில் சமநிலைப் புள்ளி, பிடிக்கும் அலகுக்கும் நடுவிலுள்ள குறுக்குச் சட்டத்திலிருந்து 8 முதல் 13 செ.மீ. தள்ளி விழும். இதில் 19 செ.மீ. கையில் எடுத்தால் கடப்பாரை பிடித்த மாதிரி முனை கீழே இழுக்கிறது.

காரணம் வெர்னியர் காலிப்பரில் தெரிந்தது. அலகின் அடி, கால் பங்கு, நடு, முக்கால், முனைக்கு 5 செ.மீ. முன் என்று ஐந்து இடத்தில் தடிமனை அளக்க வேண்டும். ஒழுங்காகச் செய்த நகலில் அடியில் 6, 7 மி.மீ. இருந்து படிப்படியாகக் குறைந்து முனைப்பக்கம் 3 மி.மீ. அளவுக்கு இறங்கும். இங்கே அடியில் 5, முனையில் 4.8. ஒரே தடிமன் தகட்டை வெட்டி, ஓரத்தை மட்டும் தேய்த்திருக்கிறார்கள். அகலம் 38 மி.மீ., அலகின் நீளம் 88 செ.மீ. கிண்ணக் காப்பு வந்த காலத்து அலகோ ஒல்லி. அடியில் 2 செ.மீ. சுற்றி இருக்கும், நீளம் பெரும்பாலும் 1 மீட்டரைத் தாண்டும். 1566-இல் முதலாம் எலிசபெத் ராணி, ஒன்றே அரைக்கால் கெஜத்துக்கு (ஏறத்தாழ 103 செ.மீ.) மேல் அலகு கூடாது என்று ஆணை போட வேண்டியிருந்தது என்றால், அப்போதே ஆட்கள் எவ்வளவு நீளம் கட்டிக்கொண்டு திரிந்திருப்பார்கள்!

ஸ்டீல் எது என்பதில் பலர் ஏமாறும் இடம் காந்தம். காந்தம் ஒட்டினால் கார்பன் ஸ்டீல் என்று நினைக்காதீர்கள். அலங்கார வாள்களுக்குப் போடும் 420 வகை ஸ்டெயின்லெஸ்ஸிலும் காந்தம் ஒட்டும். எண்ணெயோ கிரீஸோ பூசாமல், கண்ணாடி போலப் பளபளவென்று உலர்ந்து வந்தால் சந்தேகப்படுங்கள். கார்பன் ஸ்டீலை அப்படி அனுப்பினால் வழியிலேயே துரு பிடிக்கும். காந்தம் உதவுவது கைக்காப்பில்தான். குறுக்குச் சட்டத்தில் வைத்தபோது அது நழுவி விழுந்தது. துத்தநாகக் கலவை வார்ப்பு, மேலே நிக்கல் பூச்சு. கீழே விழுந்தால் வளையாமல் பிஸ்கட் போல உடையும் சரக்கு.

கிண்ணத்துக்குள் எட்டிப் பார்த்தால் மிச்சமும் தெரியும். அசலில் குறுக்குச் சட்டத்திலிருந்து இரண்டு வளைந்த கரங்கள் கிண்ணத்துக்குள் இறங்கும். கிண்ணம் அவற்றோடு திருகாணியால் பிணைந்திருக்கும். ஆட்காட்டி விரல் சட்டத்தைத் தாண்டி, அந்தக் கரத்துக்குள் நுழைந்து, அலகின் மழுங்கிய அடிப்பாகத்தைப் பிடிக்கும். ரேப்பியரின் பிடியே இதுதான். பல அசல்களில் உள்ளே 'குவார்தபோல்வோ' என்னும் சிறு சித்திரத் தகடும், எதிரியின் முனையைத் தடுப்பதற்கு என்று சொல்லப்படும் 'ரோம்பெபுந்தாஸ்' என்ற வெளிப்புறம் மடித்த விளிம்பும் உண்டு. இந்த நகலில் கரமும் இல்லை, தகடும் இல்லை. மெல்லிய தகரக் கிண்ணத்தில் ஒரு ஓட்டை போட்டு, சட்டத்துக்கு முன்னால் சொருகிவிட்டார்கள். குமிழ் கொஞ்சம் தளர்ந்தால் கிண்ணம் சக்கரம் போலச் சுற்றுகிறது. அலகின் அடியும் மழுக்கப்படவில்லை. விரல் வைத்தால் வெட்டும்.

அடுத்தது உண்மையிலேயே ஆபத்தான விஷயம். குமிழின் நுனியில் தட்டி இறுக்கிய வால்முனை போலத் தெரிந்தது ஒட்டவைத்த மூடி. நெம்பினால் அடியில் நட். கழற்றினால், அலகின் வால் நான்கு விரல் நீளத்தில் முடிந்து, அதோடு 6 மி.மீ. மரை போட்ட கம்பி ஒன்று வெல்டிங் செய்யப்பட்டிருக்கிறது. வெல்டிங் சூடு அந்த இடத்து ஸ்டீலைக் கெடுத்துவிடும். அகலமான அலகு சட்டென்று ஒல்லிக் கம்பியாக மாறும் செங்கோண மூலையில் விசையெல்லாம் குவியும். ஒருமுறை வேகமாக வீசினால் ஒடிவது அங்கேதான், பறப்பது முழு அலகு. சுவரில் மாட்ட மட்டும் வாங்குபவருக்கு இது போதும், ஆனால் அதற்கு இந்த விலையில் கால் பங்கு கொடுத்தாலே தாராளம்.

அலகில் ஆசிட் வைத்து, வாளுக்குப் பேர்போன ஸ்பானிய ஊரான 'டொலேடோ'வின் பெயரைப் பொறித்திருந்தார்கள். இந்தத் தந்திரம் நேற்று வந்ததில்லை. அந்தக் காலத்திலேயே ஜெர்மனியின் சோலிங்கன் பட்டறைகள் டொலேடோ கொல்லர்களின் பெயரைத் தங்கள் அலகில் பொறித்து விற்றன, சில சமயம் எழுத்துப் பிழையோடு. பழைய வாளிலேயே பெயர் சாட்சி ஆகாதபோது புதியதில் எங்கே ஆவது?

பணம் கட்டுமுன் விற்பவரிடம் நான்கு படம் கேளுங்கள்: தராசில் வாள், விரல்மேல் நிற்கும் வாள், கிண்ணத்தின் உட்பக்கம், குமிழின் நுனி கிட்டத்தில். கூடவே ஐந்து இடத் தடிமன். 'அருங்காட்சியகத் தரம்' என்று மட்டும் பதில் வந்தால் அந்தக் கடையை விட்டுவிடுங்கள். பயிற்சிக்கான வாள்களின் முனை வேண்டுமென்றே வளையும்படியும் மழுங்கியும் இருக்கும். சேகரிப்புக்கு வாங்குபவர் அதையும் ரேப்பியர் நகலையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் இணையத்தில் வாங்கினால், பொருள் கைக்கு வந்த நாளிலிருந்து 14 நாளுக்குள் காரணம் சொல்லாமலே திருப்பலாம். வாங்குபவர் சொன்னபடி செய்த பொருள் போன்ற சிலவற்றுக்கு அந்த உரிமை கிடையாது. இந்தக் கடை பணம் கட்டும் பக்கத்தில் கைப்பிடிக் கம்பியின் நிறத்தைத் தேர்வு செய்யச் சொன்னது எதற்கு என்று பிறகுதான் புரிந்தது: "ஆர்டரின்பேரில் செய்தது, திரும்ப எடுக்க மாட்டோம்." அதற்குப் பதிலாக, விளம்பரத்தில் எழுதியதும் வந்த பொருளும் வேறு என்று புகார் கொடுங்கள், சொன்னபடி செய்யும் பொருளுக்கும் அது செல்லும். பெட்டி பிரிக்கும்போதே வீடியோ, தராசுப் படம், விளம்பரப் பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட் மூன்றும் கையில் இருக்கட்டும். குமிழைக் கழற்றுவதைக் கடைசிக்கு வையுங்கள். கழற்றிய வாளை 'நீங்களே உடைத்தீர்கள்' என்பார்கள். இங்கேயும் அதைத்தான் சொன்னார்கள். பணம் திரும்ப வந்தது எடைப் படத்தால்தான். விளம்பரத்தில் எடை இன்னும் 1.1 கிலோ என்றே இருக்கிறது.