பன்னிரண்டாம் வகுப்புப் பிரியாவிடை மலர்: ஓர் அச்சகத்தின் பணி குறித்து
எங்கள் ஊர் அச்சகம் ஒன்று பன்னிரண்டாம் வகுப்பை முடிக்கும் மாணவர்களுக்காக அச்சிட்டுத் தந்த பிரியாவிடை மலர், ஒவ்வொருவருக்கும் ஒரு முழுப் பக்கம் ஒதுக்கி, அவரவர் இயல்பு, பொழுதுபோக்கு, எதிர்கால விருப்பம் ஆகியவற்றை அவர்களுடைய கையெழுத்திலேயே பதித்திருப்பதால் மனத்தைக் கவர்கிறது. நீட் தேர்வுக்குப் படித்துக்கொண்டே சிலம்பம் சுற்றும் மாணவியும், பட்டயக் கணக்காளர் ஆக விரும்பும் கூச்ச சுபாவமுள்ள கேரம் ஆட்டக்காரரும், கட்டடக்கலை பயில நாட்டா தேர்வு எழுதும் ஓவியரும் அப்பக்கங்களில் தெளிவாகத் தெரிகிறார்கள். மதிப்பெண் பட்டியல் இவற்றில் எதையும் சொல்லாது. நூலால் தைத்துக் கட்டியிருப்பதால் பக்கங்கள் நன்கு விரிகின்றன. வழவழப்பான தாள் மட்டும் எனக்கு உடன்பாடில்லை. நண்பர்கள் கையொப்பமிடும்போது மை உலராமல் இழுகிவிடுகிறது. கையொப்பத்துக்கான கடைசிப் பக்கங்களையாவது மை உறிஞ்சும் வழவழப்பற்ற மேப்லித்தோ தாளில் அச்சிட வேண்டும். விலை சற்றுக் கூடுதல்தான்; ஆயினும் அதிகப் படிகள் கேட்டால் குறைத்துத் தருகிறார்கள்.