'கடக்' சத்தம் டிஸ்க்கிலா, ஹப்பிலா? ஆறு போல்ட் – சென்டர்லாக், கோன் – கார்ட்ரிஜ்: ஓர் ஒப்பீடு

முன் பிரேக்கை இறுகப் பிடித்துக்கொண்டு வண்டியை முன்னும் பின்னும் ஆட்டினால் 'கடக்' என்கிறது. டிஸ்க் பிரேக் சைக்கிளில் இந்த ஒரே சத்தம் ஐந்து இடங்களிலிருந்து வரலாம்: ஹெட்செட் (ஹேண்டில்பார் திரும்ப உதவும் பேரிங்), சஸ்பென்ஷன் ஃபோர்க்கின் புஷ் (உள்ளே சறுக்கும் வளையம்), டிஸ்க்கைக் கவ்வும் காலிப்பருக்குள் இருக்கும் பேட், சக்கரத்தின் நடுவிலுள்ள ஹப்பில் டிஸ்க் உட்காரும் இடம், ஹப்பின் பேரிங். எது என்று பார்க்காமல் கையில் கிடைத்த ஸ்பேனரைப் போட்டால், ஒழுங்காக இருந்த கோன் (ஹப் பேரிங்கை அழுத்திப் பிடிக்கும் கூம்பு நட்) இறுகிப்போகும், லூஸாக இருந்த டிஸ்க் அப்படியே ஓடிக்கொண்டிருக்கும்.

முதலில் அச்சைப் பாருங்கள். குவிக் ரிலீஸ் லீவர் உள்ளங்கையில் தடம் பதியும் அளவுக்கு அழுத்தித்தான் மூட வேண்டும். ஹப்பை ஊடுருவித் திருகிப் பூட்டும் த்ரூ ஆக்ஸில் என்றால் பெரும்பாலும் 12 முதல் 15 நியூட்டன் மீட்டர். பல ஆக்ஸில்களில் அந்த எண் தலையிலேயே பொறித்திருக்கும். பிறகு ஹேண்டில்பாரை 90 டிகிரி திருப்பி, ஹெட்செட்டின் கீழ்க் கப்பில் விரல் வைத்து ஆட்டுங்கள். பேடும் டிஸ்க்கும் இப்போது கணக்கில் இல்லை. விரலில் தட்டினால் ஹெட்செட். பேட் காலிப்பருக்குள் கொஞ்சம் நகரத்தான் செய்யும், அதுவும் வெப்பம் தணிக்க ஃபின் வைத்த பேட் நன்றாகவே சத்தம் போடும். அது பழுதல்ல, விட்டுவிடலாம்.

டிஸ்க், ஹப் இரண்டையும் பிரிப்பது சுலபம். டிஸ்க்கின் ஆட்டம் சுற்றும் திசையில் இருக்கும், பிரேக் பிடித்தால்தான் வெளியே வரும்: நிற்கும்போது ஒரு 'டக்', வண்டியைப் பின்னால் தள்ளிப் பிடித்தால் இன்னொரு 'டக்'. ஹப்பின் ஆட்டத்துக்கு பிரேக்கே வேண்டாம். ஒரு கையில் ஃபோர்க் காலையும் மறு கையில் ரிம்மையும் பிடித்துப் பக்கவாட்டில் தள்ளி இழுங்கள். வால்வை மேலே வைத்து ஒரு முறை, சக்கரத்தைக் கால் சுற்று திருப்பி இன்னொரு முறை.

ரிம்மில் 1 மில்லிமீட்டர் ஆட்டம்தானே என்று அலட்சியம் வேண்டாம். 700சி ரிம்மின் ஆரம் ஏறக்குறைய 311 மில்லிமீட்டர். 160 மில்லிமீட்டர் டிஸ்க்கின் ஆரம் 80. ஆக ரிம்மில் 1 மில்லிமீட்டர் என்றால் டிஸ்க்கின் விளிம்பில் கால் மில்லிமீட்டர். பேடுக்கும் டிஸ்க்குக்கும் நடுவே இருக்கும் இடைவெளியே கிட்டத்தட்ட அவ்வளவுதான். அதனால்தான் ஹப் ஆடும் வண்டியில் எழுந்து நின்று மிதித்தால் 'சிங் சிங்' என்று உரசுகிறது, உட்கார்ந்தால் நின்றுவிடுகிறது. டிஸ்க் வளைந்திருந்தால் கதை வேறு: எப்படி மிதித்தாலும் சுற்றுக்கு ஒரு முறை, ஒரே இடத்தில் உரசும். ஹைட்ராலிக் பிரேக்கில் இன்னொரு அடையாளமும் உண்டு. ஆடும் டிஸ்க் பிஸ்டனை உள்ளே தள்ளிவிடுவதால், குண்டும் குழியுமான சாலையைத் தாண்டியதும் முதல் பிடிப்பில் லீவர் ஹேண்டில்பார் வரை போகும், இரண்டாவது பிடிப்பில் சரியாகிவிடும். இதைக் காற்று புகுந்ததாக நினைத்து ஆயிலை மாற்றுவது வீண் செலவு.

ஆறு போல்ட்டா, சென்டர்லாக்கா?

ஆறு போல்ட் டிஸ்க் எம்5 போல்ட்டுகளால், 44 மில்லிமீட்டர் விட்டமுள்ள வட்டத்தில் ஹப்போடு நேராகப் பூட்டப்படுகிறது. தேவை ஒரே ஒரு டி25 சாவி. தயாரிப்பாளர்களில் ஷிமானோ 2 முதல் 4 நியூட்டன் மீட்டர் என்கிறது, ஸ்ராம் 6.2, டிஸ்க்கோடு வந்த தாளைப் பாருங்கள். இதில் ஆட்டம் பெரும்பாலும் கண்ணுக்கே தெரியும். போல்ட் தலையைச் சுற்றி டிஸ்க் பளபளவென்று தேய்ந்திருக்கும், சில சமயம் கருப்புத் தூள் ஒட்டியிருக்கும். அப்படியே ஓட்டினால் டிஸ்க்கின் துளை முட்டை வடிவமாகிவிடும். அதன் பிறகு எவ்வளவு இறுக்கினாலும் நம்ப முடியாது, டிஸ்க்கை மாற்றத்தான் வேண்டும். ஒரு போல்ட் மட்டும் லூஸ் என்றாலும் ஆறையும் கழற்றி, மரையைத் துடைத்து, நீல நிற த்ரெட்லாக்கர் ஒரு சொட்டு வைத்து, எதிரெதிராக மாறி மாறி இறுக்குங்கள். வட்டமாக ஒன்றன்பின் ஒன்றாக இறுக்கினால் டிஸ்க் ஒரு பக்கமாகச் சாயும். முடிந்ததும் போல்ட் தலையிலிருந்து டிஸ்க் வரை பெயிண்ட் பேனாவால் ஒரு கோடு போட்டுவிட்டால் அடுத்த முறை சாவியே தேவைப்படாது. கோடு உடைந்திருக்கிறதா என்று பார்த்தால் போதும்.

ஆறு போல்ட்டின் பலவீனம் அலுமினிய ஹப்பின் மரை. பலசாலி ஒருவர் ஒரு முறை கை வைத்தால் போதும், ஹெலிகாயில் (கெட்ட மரையில் செருகும் கம்பிச் சுருள்) வரை போய் நிற்கும். சேறு அடைத்த துளையில் மலிவான டி25 சாவியைத் திணித்தால் தலை வட்டமாகிவிடும். குத்தூசியால் சுரண்டிவிட்டுப் போடுங்கள்.

சென்டர்லாக்கில் டிஸ்க் ஹப்பின் பற்களில் சறுக்கி உட்கார, மேலே ஒரே ஒரு லாக்ரிங். அதற்கு 40 நியூட்டன் மீட்டர். 30 சென்டிமீட்டர் ஸ்பேனரின் நுனியில் ஏறக்குறைய 13.6 கிலோ எடையை வைத்து அழுத்துவதற்குச் சமம். கையால் 'போதும்' என்று தோன்றும் இடத்தில் அது பாதிகூட இருக்காது. சென்டர்லாக் ஆடுவதற்கு முக்கியக் காரணமே இதுதான். சரியாக இறுகும்போது லாக்ரிங்கின் அடியிலுள்ள பற்கள் 'டிரிக் டிரிக்' என்று ஏறுவது கையில் தெரியும். ஆட்டத்தைச் சோதிக்க, சக்கரத்தைக் கழற்றி, ஸ்போக்கோடு ஹப்பைப் பிடித்துக்கொண்டு, சுத்தமான துணியால் டிஸ்க்கைப் பிடித்து முறுக்குங்கள். முறுக்கினால் 'டிக்' என்றால், லாக்ரிங்கைக் கழற்றி அடி வாஷர் இருக்கிறதா, லாக்ரிங் டிஸ்க்கை அழுத்தும் முன்பே வேறெங்காவது முட்டி நிற்கிறதா என்று பாருங்கள். இரண்டு துண்டாக ரிவெட் அடித்த டிஸ்க் என்றால் முறுக்கு ரிவெட்டிலும் இருக்கலாம். ஃப்ளோட்டிங் வகையில் கொஞ்சம் அசைவு வேண்டுமென்றே வைத்தது.

அடிக்கடி டிஸ்க்கைக் கழற்றுபவருக்கும் டார்க் ரென்ச் (இறுக்கத்தை அளக்கும் ஸ்பேனர்) வைத்திருப்பவருக்கும் சென்டர்லாக் சுகம். கடையே இல்லாத ஊர் வழியாக நீண்ட தூரம் போகிறவர் ஆறு போல்ட்டை எடுப்பதே நல்லது. ஐந்து போல்ட்டில்கூட மெதுவாக வீடு வந்து சேரலாம். கழன்ற லாக்ரிங்கைச் சாலையோரத்தில் இறுக்க உள்பல் லாக்ரிங் என்றால் கேசட் கருவியோ, அகல அச்சு ஹப்புகளின் வெளிப்பல் லாக்ரிங் என்றால் பிபி (பாட்டம் பிராக்கெட்) கருவியோ பையில் இருக்க வேண்டும்.

கோனா, கார்ட்ரிஜா?

கோன் ஹப்பில் ஆட்டம் பழுது அல்ல, பராமரிப்பு. முன்னால் பக்கத்துக்குப் பத்து 3/16 அங்குல பால்ஸ், பின்னால் ஒன்பது 1/4 அங்குலம் என்பது வழக்கமான கணக்கு. முன் ஹப்பில் டிஸ்க் பக்கக் கோனைத் தொடாமல் மறுபக்கத்திலும், பின் ஹப்பில் மறுபக்கக் கோன் பெரும்பாலும் கேசட்டுக்குள் மறைந்திருப்பதால் டிஸ்க் பக்கத்திலும் லாக்நட்டைத் தளர்த்தி (முன் ஹப்புக்குப் பெரும்பாலும் 13, பின் ஹப்புக்கு 15 கோன் ஸ்பேனர்), கோனைச் சுற்றில் எட்டில் ஒரு பங்கு மட்டும் திருப்பி, கோன் அசையாமல் பிடித்துக்கொண்டு லாக்நட்டை இறுக்குங்கள். குவிக் ரிலீஸ் அச்சைக் கொஞ்சம் அமுக்கும். அதனால் சக்கரம் வெளியே இருக்கும்போது மயிரிழை ஆட்டம் இருந்து, வண்டியில் மாட்டிப் பூட்டியதும் அது மறைய வேண்டும். வெளியிலேயே ஆட்டமில்லாமல் வைத்தால் பூட்டியதும் கோன் அரைபடும். சரிசெய்து இரண்டு நாளில் மறுபடி ஆடினால் லாக்நட் இறுகவில்லை, அல்லது கோனில் குழி விழுந்திருக்கிறது. கோனை மாற்றலாம், கப்பிலேயே குழி என்றால் பெரும்பாலும் ஹப்போடு முடிந்தது.

கார்ட்ரிஜில் (ஒரே துண்டாக வரும் மூடிய பேரிங்) பெரும்பாலும் திருப்புவதற்கு எதுவுமில்லை என்பதால் ஆட்டம் தெரியும்போது பேரிங் ஏற்கெனவே போயிருக்கும். அச்சை உருவி, உள்வளையத்தில் விரல் விட்டுச் சுற்றுங்கள்: மணல் அரைப்பது போலிருந்தால் பேரிங். வழுவழுவென்று சுற்றியும் ஆடினால் எண்ட்கேப் (அச்சின் முனை மூடி) சரியாக உட்காரவில்லை, அல்லது வெளிவளையம் ஹப்பின் குழியில் லூஸ். கடைசிச் சங்கதிதான் மோசம். விரலால் தள்ளினாலே பேரிங் வெளியே வரும். மற்றபடி வளையத்தின் ஓரத்தில் எண் இருக்கும்: 6902 என்றால் 15×28×7, 6001 என்றால் 12×28×8 (உள்விட்டம், வெளிவிட்டம், அகலம் மில்லிமீட்டரில்). சைக்கிள் கடையில் இல்லாவிட்டாலும் மோட்டார் பேரிங் விற்கும் கடையில் இரண்டு பக்கமும் ரப்பர் சீல் வைத்ததாகக் கேளுங்கள். ஏற்றும்போது வெளிவளையத்தில் மட்டுமே அழுத்தம் விழ வேண்டும். உள்வளையத்தில் சுத்தியல் பட்டால் புதிய பேரிங் அன்றே பழையது.

எதை மாற்றினாலும் டிஸ்க் ஒரு நூலளவு இடம் மாறியிருக்கலாம். காலிப்பரின் இரண்டு போல்ட்டையும் தளர்த்தி, லீவரை அழுத்திப் பிடித்தபடியே 6 முதல் 8 நியூட்டன் மீட்டருக்கு இறுக்கிவிட்டு, பிறகு ரிம்மை மறுபடி தள்ளிப் பாருங்கள்.