புலிக்கூண்டா, ஆட்டுக்குட்டிப் பண்ணையா: பள்ளிச் சுற்றுலாவுக்கு எது பாதுகாப்பு?

பள்ளியிலிருந்து பிள்ளைகளை விலங்குகள் பார்க்கக் கூட்டிப் போகிறோம் என்று சொன்னதும் பெற்றோர் கேட்கும் முதல் கேள்வி புலிக்கூண்டைப் பற்றித்தான் இருக்கும். வேலி எவ்வளவு உயரம், என் பையன் சும்மா இருக்க மாட்டானே, எட்டிப் பார்த்து உள்ளே விழுந்துவிட்டால்? நியாயமான பயம்தான். ஆனால் விலங்கு பார்க்கப் போன குழந்தைகள் கூட்டம் கூட்டமாக ஆஸ்பத்திரியில் படுத்த சம்பவங்களை எடுத்துப் பார்த்தால், அதில் பெரும்பாலும் வருவது ஆடு, மாடு, கன்றுக்குட்டி, அப்புறம் கை கழுவாமல் பிரித்த சாப்பாட்டு டப்பா. இதை மனதில் வைத்துக்கொண்டு, பள்ளிகள் வழக்கமாகப் போகும் இடங்களை ஒன்றோடொன்று வைத்துப் பார்க்கலாம். எங்கே அதிகம் கற்றுக்கொள்ளலாம், விலங்குகளை எங்கே நன்றாக வைத்திருக்கிறார்கள் என்பதெல்லாம் தனிப் பேச்சு. போன பிள்ளைகள் போனபடியே வீடு திரும்ப வேண்டும், இங்கே கணக்கு அது மட்டும்தான்.

உயிரியல் பூங்கா

முறையாக நடத்தப்படும் பூங்காவில் விலங்குக்கும் பிள்ளைக்கும் நடுவில் கண்ணாடி, அகழி, இரட்டை வேலி என்று ஏதாவது ஒன்று இருக்கும். அதைத் தாண்டி விபரீதம் நடப்பது அபூர்வம், நடந்தால் உலகமே பேசும். 2016 மே மாதம் அமெரிக்காவின் சின்சினாட்டி பூங்காவில் மூன்று வயதுச் சிறுவன் தடுப்பைத் தாண்டி கொரில்லாவின் அகழிக்குள் விழுந்துவிட்டான். அவனைக் காப்பாற்ற ஹராம்பே என்ற அந்தக் கொரில்லாவைச் சுட்டுக் கொன்றார்கள். 2012இல் பிட்ஸ்பர்க் பூங்காவில் நடந்தது இன்னும் கொடுமை. இரண்டு வயதுக் குழந்தைக்கு நன்றாகத் தெரியட்டும் என்று தாய் தடுப்பின் விளிம்பில் தூக்கி நிறுத்தினார், குழந்தை கைநழுவி ஆப்பிரிக்கக் காட்டுநாய்களின் நடுவே விழுந்து இறந்துபோனது. இரண்டுமே குடும்பத்தோடு வந்த குழந்தைகள், பள்ளிக் கூட்டம் கிடையாது. ஆனாலும் ஆசிரியர்கள் எடுத்துக்கொள்ள வேண்டிய விதி இதில் இருக்கிறது: குட்டையான பிள்ளைக்குத் தெரியவில்லை என்றால் முன்வரிசைக்கு அனுப்புங்கள், எந்தக் காரணம் சொல்லியும் தடுப்பின் மேல் தூக்காதீர்கள்.

பூங்காவில் நிஜமாகவே தலைவலி தருவது பிள்ளை தொலைந்துபோவது. பரப்பு பெரியது, பாதைகள் கிளை கிளையாகப் பிரியும், ஒருவன் குரங்கைப் பார்த்தபடி நின்றுவிடுவான், கூட்டம் நகர்ந்துவிடும். பிரிட்டன் கல்வித்துறை 1998இல் தந்த வழிகாட்டி, முதல் மூன்று வகுப்புப் பிள்ளைகளுக்கு ஆறு பேருக்கு ஒரு பெரியவர், அடுத்த மூன்று வகுப்புகளுக்குப் பத்து முதல் பதினைந்து பேருக்கு ஒருவர் என்று சொன்னது. சட்டம் இல்லை, ஒரு தொடக்கப் புள்ளி, அவ்வளவுதான். என்னைக் கேட்டால் எண்ணிக்கையைவிட முக்கியம், அந்த ஆறு பேர் யார் யார் என்பது அந்தப் பெரியவருக்கும் அந்த ஆறு பேருக்கும் தெரிந்திருப்பது. நாற்பது பிள்ளைகளை ஐந்து ஆசிரியர்கள் பொதுவாகப் பார்த்துக்கொள்கிறார்கள் என்றால் யாருமே பார்த்துக்கொள்ளவில்லை என்று வைத்துக்கொள்ளலாம். சட்டையில் அட்டை குத்தும்போது பிள்ளையின் பெயரை வெளியே தெரிகிற மாதிரி எழுதாமல், பள்ளியின் பெயரும் கைபேசி எண்ணும் போட்டால் போதும். முன்பின் தெரியாதவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் சின்னப் பிள்ளைகள் நம்பிவிடும்.

வண்டியில் போகும் சஃபாரி

பயமுறுத்துவதில் முதல் இடம் இதற்குத்தான், சிங்கம் ஜன்னலுக்குப் பக்கத்திலேயே வருமே. ஆனால் பள்ளிக் கூட்டத்துக்கு இது ஒரு விதத்தில் வசதி. எல்லாப் பிள்ளைகளும் ஒரே வண்டிக்குள் உட்கார்ந்திருப்பார்கள், ஏறும்போது எண்ணினால் இறங்கும்வரை அதே எண்ணிக்கை, யாரும் எதையும் தொடுவதில்லை. சஃபாரியில் பெயர் சொல்லும்படியான விபத்துகள் விதியை மீறியதால் வந்தவை. 2015இல் ஜோகன்னஸ்பர்க் அருகே ஒரு சிங்கப் பூங்காவில் திறந்திருந்த கார் ஜன்னல் வழியாகச் சிங்கம் பாய்ந்து சுற்றுலாப் பயணி ஒருவர் இறந்தார். 2016இல் பெய்ஜிங்கை அடுத்த பாடாலிங் பூங்காவில் ஒரு பெண் நடுவழியில் காரைவிட்டு இறங்க, புலி அவரை இழுத்துப்போனது, காப்பாற்ற ஓடிய அவருடைய தாய் உயிரிழந்தார்.

ஆகவே இங்கே பள்ளி கேட்க வேண்டியது வண்டியைப் பற்றி. ஜன்னலுக்குக் கம்பிவலை போட்ட பூங்காவின் சொந்த வண்டியும் தினமும் அந்தப் பாதையில் ஓட்டும் ஓட்டுநரும் இருந்தால் சரி. பள்ளிப் பேருந்திலேயே உள்ளே போகலாம் என்றால் நான் தயங்குவேன், ஏனென்றால் அதில் ஏதாவது ஒரு ஜன்னல் எப்போதும் சரியாகச் சாத்தாது. வண்டி நடுவில் நின்றுபோனால் என்ன செய்வார்கள், எவ்வளவு நேரத்தில் மீட்பு வண்டி வரும் என்று முன்பே கேட்டுவிடுங்கள். ஏறுவதற்கு முன் எல்லாரையும் கழிப்பறைக்கு அனுப்பிவிடுங்கள், இது சின்ன விஷயமாகத் தெரியும், உள்ளே போன பிறகு தெரியாது.

தொட்டுப் பார்க்கும் பண்ணை

இங்கேதான் கொஞ்சம் நிற்க வேண்டும். பெற்றோர் சிரித்த முகத்தோடு கையெழுத்துப் போட்டுத் தரும் இடம் இது. ஆட்டுக்குட்டிக்குப் பால்புட்டி, முயலைத் தடவுதல், வைக்கோலில் விளையாட்டு. கடித்தாலும் பெரிய காயம் இல்லை. ஆபத்து பல்லில் இல்லை, சாணத்தில்.

ஈ.கோலி ஓ157 என்ற கிருமி மாடு, ஆடு, செம்மறியின் குடலில் இருக்கும். அந்த விலங்குக்கு ஒன்றும் செய்யாது, பார்க்கக் கொழுகொழுவென்று ஆரோக்கியமாகத்தான் இருக்கும். மனிதருக்கு, அதிலும் ஐந்து வயதுக்குக் குறைந்த குழந்தைக்கு, அது ரத்தம் கலந்த வயிற்றுப்போக்கில் தொடங்கிச் சில பேருக்குச் சிறுநீரகத்தையே செயலிழக்கச் செய்யும். நோய் வர மிகக் கொஞ்சம் கிருமியே போதும், நூறுக்கும் குறைவான எண்ணிக்கைகூட. கண்ணுக்குத் தெரியாத அந்த அளவு ஒரு விரல் நகத்தில் தாராளமாக ஒட்டும்.

2009இல் இங்கிலாந்தின் சர்ரே பகுதியில் காட்ஸ்டோன் என்ற பண்ணைக்குப் போனவர்களில் 93 பேருக்கு இந்தத் தொற்று வந்தது, பெரும்பாலும் சிறு குழந்தைகள், சிலருக்கு டயாலிசிஸ் வரை போனது. 2004இல் அமெரிக்காவின் வட கரோலினா மாநிலக் கண்காட்சியில் தொட்டுப் பார்க்கும் விலங்குக் கொட்டகையிலிருந்து 108 பேருக்கு நோய் பரவி, அடுத்த வருடமே அந்த மாநிலத்தில் இதற்கென்று தனிச் சட்டம் வந்தது.

பள்ளிகளுக்கு நேரடியாகப் பாடம் சொல்லும் சம்பவம் 2015 ஏப்ரலில் நடந்தது. வாஷிங்டன் மாநிலத்தின் லிண்டன் ஊரில் ஒரு கொட்டகையில் நடந்த நிகழ்ச்சிக்கு, பால்பண்ணையைப் பற்றித் தெரிந்துகொள்ள ஆயிரத்துக்கும் மேற்பட்ட முதல் வகுப்புப் பிள்ளைகளைப் பள்ளிகளே அழைத்து வந்தன. கிட்டத்தட்ட 60 பேர் நோயில் விழுந்தார்கள், சிலர் நிகழ்ச்சிக்கே போகாதவர்கள், வீட்டில் பிள்ளையிடமிருந்து ஒட்டிக்கொண்டது. பிறகு ஆய்வு செய்தபோது கிருமி கிடைத்த இடங்களைப் பாருங்கள்: சாணம் ஒதுக்கிக் குவித்த மூலை, வைக்கோல் புதிர்ப்பாதை இருந்த இடம், பிள்ளைகள் உட்காரும் பலகைகள். அதாவது ஒரு விலங்கைக்கூடத் தொடாத பிள்ளையும் அந்தக் கொட்டகையில் உட்கார்ந்து எழுந்தாலே போதும். சாப்பாட்டுக்கு முன் எப்போதும் கை கழுவியதாகச் சொன்ன பிள்ளைகளுக்கு நோய் குறைவாக வந்திருந்தது. நகம் கடிக்கும் பழக்கம் உள்ளவர்களுக்கு அதிகம்.

சானிடைசர் இருக்கிறதே என்பார்கள். வட கரோலினா சம்பவத்தை ஆராய்ந்தபோது அந்தக் கண்காட்சியில் ஜெல் தேய்த்துக்கொண்டவர்களுக்கு அதனால் பாதுகாப்பு கிடைத்ததாகத் தெரியவில்லை. சாணமும் மண்ணும் படிந்த கையில் அது சரியாக வேலை செய்யாது, பண்ணைகளில் வரும் இன்னொரு கிருமியான கிரிப்டோஸ்போரிடியத்தை அது கொல்வதே இல்லை. ஓடும் தண்ணீர், சோப்பு, இருபது விநாடி தேய்ப்பு, இதற்கு மாற்று கிடையாது.

அதனால் ஒரு பண்ணை நல்லதா என்று பார்க்க நான் முதலில் விலங்குகளைப் பார்க்க மாட்டேன், குழாயைப் பார்ப்பேன். எத்தனை குழாய், பிள்ளைகளுக்கு எட்டும் உயரமா, வெளியே போகும் வழியிலேயே இருக்கிறதா இல்லை கழிப்பறைக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறதா? முப்பது பிள்ளைகளுக்கு இரண்டு குழாய் என்றால் கடைசியில் நிற்கும் பத்து பேர் தண்ணீரைத் தொட்டுவிட்டு ஓடிவிடுவார்கள். சாப்பிடும் இடம் விலங்குகள் இருக்கும் பகுதிக்குள் இருந்தால் அந்தப் பண்ணையை அப்படியே விட்டுவிடலாம். வாயில் எதுவும் போகக் கூடாது, தண்ணீர் பாட்டில்கூட உள்ளே வேண்டாம்.

மீன் காட்சியகம்

அக்வேரியத்தைப் பற்றிச் சொல்ல அவ்வளவு இல்லை, அதுவே அதன் சிறப்பு. கண்ணாடி, ஒரே கட்டடம், பெரும்பாலும் ஒரே வழியாக உள்ளே போய் ஒரே வழியாக வெளியே வருவது, சாணம் கிடையாது. இருட்டாக இருக்கும், ஆகவே கடைசியில் வர ஒரு ஆசிரியர் வேண்டும். கையை விட்டுத் தொடும் தொட்டிகள் இருந்தால் கையில் புண், கீறல் உள்ள பிள்ளைகள் தள்ளி நிற்கட்டும், மீன்தொட்டித் தண்ணீரிலிருந்து தோலில் தொற்று வருவது உண்டு. மற்றவர்கள் தொட்டுவிட்டுக் கை கழுவினால் சரி.

பாம்பைத் தோளில் போடுவது, சவாரி, புகைப்படம்

இதை நான் ஒப்பிடுவதற்கே எடுக்க மாட்டேன், ஆனால் டூர் ஏற்பாடு செய்கிறவர்கள் கடைசியில் சேர்த்துவிடுவார்கள் என்பதால் சொல்கிறேன். ஊர்வன சால்மோனெல்லா கிருமியைச் சுமப்பவை, விஷமில்லாத பாம்பும் ஆமையும் சேர்த்துத்தான். 1996இல் டென்வர் பூங்காவில் கொமோடோ உடும்பு காட்சிக்குப் போன குழந்தைகள் பலருக்கு இந்தத் தொற்று வந்தது, அவர்கள் உடும்பைத் தொடவே இல்லை, அதைச் சுற்றியிருந்த மரத்தடுப்பைத் தொட்டிருந்தார்கள். தடுப்பைத் தொட்டதற்கே இந்தப் பாடு என்றால் கழுத்தில் போட்டுக்கொள்வதைப் பற்றி என்ன சொல்ல. யானைச் சவாரியில் விழும் உயரம், குரங்கோடு படம் எடுப்பதில் கடி, கடித்தால் வெறிநாய்க்கடி நோய்க்கான ஊசி வரை ஓட்டம். குரங்கோ நாயோ கடித்தாலோ கீறினாலோ அந்த இடத்தை உடனே சோப்பும் தண்ணீரும் விட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்பது உடன் வரும் எல்லாப் பெரியவர்களுக்கும் தெரிந்திருக்கட்டும்.

விலங்குகளைப் பள்ளிக்கே வரவழைத்தால்?

பயணமே இல்லை, தொலைய வழியில்லை, செலவும் குறைவு என்று சில பள்ளிகள் இதை விரும்புகின்றன. பயணமும் ஆபத்துதான் என்பதால் இந்த வாதத்தில் உண்மை இருக்கிறது. ஆனால் தொற்றைப் பொறுத்தவரை இது பண்ணையைவிட மோசமாகக்கூட முடியும். பண்ணையில் சாணம் பண்ணையோடு போகும், இங்கே கோழிக்குஞ்சு நடந்த அதே தரையில் மறுநாள் பிள்ளைகள் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். ஈ.கோலி மண்ணிலும் மரத்திலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். வரவழைத்தே தீர வேண்டும் என்றால் வகுப்பறைக்குள் வேண்டாம், மைதானத்தின் ஓரத்தில், குழாய்க்குப் பக்கத்தில். கோழிக்குஞ்சும் ஆமையும் ஐந்து வயதுக்குக் கீழே உள்ளவர்கள் கைக்குப் போகக் கூடாது.

சரி, எதற்குப் போகலாம்?

மழலை வகுப்பு என்றால் யோசிக்காமல் அக்வேரியம். பண்ணைக்கு அந்த வயதில் அவசரமே இல்லை, விரல் சூப்பும் வயது, நோய் வந்தால் தாங்காத வயது. ஆறு முதல் ஒன்பது வயதுக்கு உயிரியல் பூங்கா, அதுவும் முழுப் பூங்காவையும் சுற்றாமல் ஒரு பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டு. களைத்துப்போன பிள்ளைகள்தான் பின்தங்கித் தொலைவார்கள். பண்ணைக்கு, குழாய்களைப் போய்ப் பார்த்துவிட்டு வந்த பிறகு, சொன்னதைச் செய்யும் வயதுப் பிள்ளைகளைத் தாராளமாகக் கூட்டிப் போகலாம், எனக்கு அந்த அனுபவத்தின் மேல் கோபம் எதுவும் இல்லை. சஃபாரி எந்த வயதுக்கும் சரி, வண்டி நன்றாக இருந்தால்.

திரும்பி வந்ததும் வேலை முடிந்துவிட்டதாகப் பள்ளிகள் நினைக்கின்றன. பண்ணைக்குப் போய் வந்தால் அடுத்த பத்து நாளும் கணக்கில் சேர்த்தி, ஏனென்றால் ஈ.கோலி பெரும்பாலும் மூன்று நான்கு நாளில் தெரிந்தாலும் பத்து நாள் வரை எடுத்துக்கொள்ளலாம். வயிற்றுப்போக்கு, அதிலும் ரத்தம் கலந்து போனால், மருத்துவரிடம் பண்ணைக்குப் போனதை முதல் வாக்கியமாகச் சொல்லும்படி பெற்றோருக்கு ஒரு சீட்டு கொடுத்தனுப்புங்கள். வயிற்றுப்போக்கை நிறுத்தும் மாத்திரையை வீட்டில் அவர்களாகக் கொடுக்க வேண்டாம், இந்தக் கிருமிக்கு அது கெடுதல் செய்யலாம். பிள்ளை வெளிறிப்போய் சிறுநீர் குறைந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரி. இரண்டு பிள்ளைகளுக்கு ஒரே மாதிரி வந்துவிட்டால் பள்ளி அன்றே சுகாதாரத் துறைக்கும் பண்ணைக்கும் தகவல் சொல்ல வேண்டும். காட்ஸ்டோனில் ஆகஸ்ட் கடைசியிலேயே நோயாளிகள் தெரியவந்தும் பண்ணை மூடப்பட்டது செப்டம்பர் 12இல்தான், அதற்குள் குழந்தைகள் தொடர்ந்து போய்க்கொண்டிருந்தார்கள்.