பழைய பாயின்ட் டூடூ ரைபிள் வாங்கி நான் பட்ட பாடு

கோயமுத்தூர்ல ஒரு துப்பாக்கிக் கடைல செகண்ட் ஹேண்ட் பாயின்ட் டூடூ ரைபிள் (0.22 இன்ச் குழாய், சின்னத் தோட்டா போடறது) வாங்கி ஒன்றரை வருசமாச்சுங்க. கடை பேரு, கம்பெனி பேரு ரெண்டும் போடல, ஆனா நம்மூர்ப் பக்கம் புதுசா ஷூட்டிங் பழகற பசங்க இதப் படிச்சுட்டு அப்புறமா காசக் குடுக்கட்டும்னுதான் எழுதறேன்.

போல்ட் ஆக்‌ஷன் (ஒவ்வொரு தடவையும் கையால போல்ட்ட இழுத்துத் தோட்டாவ ஏத்தறது), அஞ்சு ரவுண்டு மேகசின், கட்டையெல்லாம் பாலிஷ் போட்டு பளபளன்னு இருந்துச்சு. "நல்ல கை மாறி வந்ததுங்க தம்பி, நம்பி எடுத்துட்டுப் போங்க"ன்னார் கடைக்காரர், நானும் லைசென்ஸ்ல ஏத்தறதுக்குக் கலெக்டர் ஆபீசுக்கு நடையா நடந்து வாங்கிட்டு வந்தேன்.

மொத நாள் ரேஞ்சுல 50 ரவுண்டு போட்டதுல 11 வெடிக்கல. ட்ரிக்கர இழுத்தா டிக்னு ஒரு சத்தம், அவ்ளோதான். வெடிக்கலன்னு உடனே போல்ட்டத் திறக்கக் கூடாதுங்க, சித்த நேரம் கழிச்சு வெடிச்சாலும் வெடிக்கும், அதனால குழாய டார்கெட்டப் பாத்தாப்லயே வெச்சுட்டு 30 செகண்டு காத்திருக்கணும். பதினோரு தடவை அப்படியே படுத்துக் கெடந்தேன். 50 மீட்டர்ல பத்து மார்க் வட்டமே 10.4 மில்லிமீட்டர்தான், அதுக்கு மூச்சப் புடிச்சு வெச்சு இழுக்கறப்ப டிக்னு கேட்டா அடுத்த ரவுண்டுக்கும் கை நிக்காது.

கடைக்குப் போன் பண்ணுனா "தோட்டா சரியில்லீங்க, வேற கம்பெனி மாத்திப் பாருங்க"ன்னாங்க. அது முழுப் பொய்யும் இல்லீங்க. பெரிய தோட்டாவுல அடி பட்டதும் தீப்புடிக்கற மருந்து இருக்கற சின்ன மூடி அடிப்பக்கம் நடுவுல தனியா இருக்கும், பாயின்ட் டூடூல விளிம்போட மடிப்புக்குள்ளதான் மருந்து, அது ஒரு பக்கம் பரவாம நின்னுபோச்சுன்னா போல்ட்டுக்குள்ள இருக்கற பின் (அடிக்கற ஊசி) அங்க அடிச்சா வெடிக்காது. சரின்னு மூணு கம்பெனி மாத்திப் பாத்தேன். லைசென்ஸ்ல வருசத்துக்கு இத்தனைதான்னு எழுதியிருக்கற தோட்டா, அதுல பாதி இந்தச் சோதனைக்கே போச்சு.

ஒண்ணு மட்டும் உறுத்துச்சு. வெடிக்காத தோட்டாவ வெளிய எடுக்காம ரெண்டாந்தடவை அடிச்சா பாதிக்கு மேல வெடிச்சுது. மிச்சத்தக் கிளப் ரைபிள்ல போட்டா ஒண்ணு பாக்கியில்லாம அத்தனையும் வெடிச்சுது. அப்ப குத்தம் எதுல?

எங்க கிளப்புல துப்பாக்கி பாக்கற அண்ணன் போல்ட்டக் கழட்டி டார்ச் அடிச்சு, "இங்க நகத்த வெச்சுப் பாரு கண்ணு"ன்னார். சேம்பர் (தோட்டா உக்கார்ற குழி) வாயில, பின் வந்து அடிக்கற எடத்துல சின்னதா ஒரு பள்ளம், அதோட ஓரத்துல இரும்பு உள்பக்கமாப் பிதுங்கி நகத்துல சுருக்குன்னு தட்டுச்சு. முன்னாடி வெச்சிருந்தவங்க தோட்டா இல்லாமயே சும்மா சும்மா ட்ரிக்கர இழுத்திருக்காங்க, பின் நேரா சேம்பர் வாயிலயே அடிச்சு அடிச்சு வந்த காயமாம். அந்தப் பிதுக்கத்துல இடிச்சு தோட்டா முழுசா உள்ள உக்காரல, மொத அடி அத உள்ள தள்றதுக்கே போயிடுது, ரெண்டாவது அடிலதான் வெடிக்குது.

இதச் சரி பண்றது பெரிய வேலையே இல்லீங்க. பீளமேடு, கணபதிப் பக்கம் எத்தன லேத்துப் பட்டறை இருக்கு, ஆனா துப்பாக்கில கை வைக்க அதுக்குன்னு லைசென்ஸ் வேணும், அதனால திருப்பி அதே கடைக்குத்தான் குடுத்தேன். நாலு மாசம் வெச்சிருந்து அடிக்கற பின்ன மட்டும் மாத்திக் குடுத்துட்டு அதுக்குக் காசும் வாங்கிட்டாங்க. சேம்பர தொடவே இல்ல, நகத்த வெச்சா இன்னும் தட்டுது. எனக்கு ரொம்ப வெசனமாப் போச்சுங்க.

இப்ப 50க்கு மூணு நாலு வெடிக்காம நிக்குது. ப்ரோன்ல (படுத்துச் சுடற போட்டி) 60 ஷாட்டு, அதுல இத நம்பி எறங்க முடியாது, போன மேட்ச்சுக்குக் கிளப் ரைபிளத்தான் கேட்டு வாங்கிட்டுப் போனேன். நீங்க வாங்கப் போனீங்கன்னா பாலிஷப் பாக்காதீங்க, போல்ட்டக் கழட்டச் சொல்லி டார்ச் அடிச்சு சேம்பர் வாயப் பாருங்க, ரேஞ்சுல 50 ரவுண்டு சுட்டுப் பாத்துட்டுத்தான் பணம்னு சொல்லுங்க, ஒத்துக்கலைன்னா வந்துருங்க.