தூரவரிசை டேட்டிங் ஆப்: நெடுநாள் பயன்பாட்டுக்குப் பிறகு

"திரும்ப இன்ஸ்டால் பண்ணலாமா?" என்று நண்பர் ஒருவர் கேட்டதால் எழுதுகிறேன். கட்டம் கட்டமாகப் படங்கள், பக்கத்தில் இருப்பவர் முதலில், ஒவ்வொருவரும் எவ்வளவு தூரத்தில் இருக்கிறார் என்ற கணக்கோடு. 2009-இல் கிரைண்டர் (Grindr) என்ற டேட்டிங் ஆப் கொண்டுவந்த அந்த அமைப்பு கே (ஆண்களை விரும்பும்), பை (இருபாலரையும் விரும்பும்) ஆண்கள் எல்லோருக்கும் பழக்கம்தான்.

என் கோபமெல்லாம் அந்தத் தூரக்கணக்கின் மேல். மூன்று இடங்களிலிருந்து ஒருவரின் தூரத்தைக் குறித்து, அதையே ஆரமாக வைத்து வரைபடத்தில் மூன்று வட்டம் போட்டால், அவை வெட்டிக்கொள்ளும் இடத்தில் அவர் இருப்பார். அலையக்கூட வேண்டாம், போலி ஜிபிஎஸ் போதும். பாதுகாப்பு ஆய்வாளர்கள் 2014-லேயே இதைச் செய்து காட்டினார்கள். தூரம் காட்டுவதை அணைத்துவிட்டால் தப்பித்தோம் என்று நினைக்காதீர்கள். வரிசை அப்படியே இருக்கும்வரை, உங்களுக்கு முன்னும் பின்னும் இருப்பவர்களின் தூரத்தை வைத்தே உங்களை நெருங்கிவிடலாம். தி.நகர்க் கூட்டத்தில் இது பெரிதாகத் தெரியாது. நாலு தெரு உள்ள ஊரில் வீட்டு வாசலுக்கே கொண்டுவந்து விடும்.

அதனால் போனின் அனுமதியிலேயே கை வையுங்கள். ஆண்ட்ராய்டு 12, ஐஓஎஸ் 14 முதல், ஆப்புக்கான இருப்பிட அனுமதியில் துல்லிய இருப்பிடத்தைத் தனியாக அணைக்கலாம். ஆண்ட்ராய்டில் பிறகு சுமார் 3 சதுர கிலோமீட்டர் வட்டாரம் மட்டுமே ஆப்புக்குப் போகும். வரிசை குழம்பும், குழம்பட்டும். லாக் ஸ்கிரீனில் செய்தி தெரிவதையும் நிறுத்திவிடுங்கள்.

பேச்சையும் இந்த மீட்டர் கணக்குதான் கெடுக்கிறது. "ஹாய்", "பிக்?", "பிளேஸ் இருக்கா?" என்று போய்க்கொண்டிருக்கும்போதே 300 மீட்டரில் புதிதாக ஒருவர் தெரிந்தால் பழைய உரையாடல் செத்துவிடும். இனத்தை வைத்து ஆட்களைப் பிரித்துக் காட்டும் வடிகட்டியை கிரைண்டர் 2020-இல் எடுத்தது, நல்ல காரியம். ஆனால் "ஃபெம் (பெண்மை சாயல் உள்ளவர்) வேண்டாம்" என்று பயோவில் எழுதுபவரை எந்த வடிகட்டி தடுக்கும்? பை என்று போட்டவரிடம் முதல் கேள்வியே "எப்ப கல்யாணம் பண்ணிட்டு ஓடப்போறீங்க?" நம்மவர் இடம் என்று வந்தவருக்கு அங்கேயும் அந்நியப் பார்வை. இது எனக்குப் பொறுக்கவே முடியாத விஷயம்.

சந்திக்கப் போகிறவர்களுக்கு: முதலில் இரண்டு நிமிடம் வீடியோ கால். மறுத்தால் விட்டுவிடுங்கள். முதல் சந்திப்பு ஆள் நடமாட்டமுள்ள டீக்கடையில். அவர் சொல்லும் அறையில் வேண்டாம். பணம் கேட்டு மிரட்டினால் கொடுக்காதீர்கள், கொடுத்தால் மறுபடி கேட்பார்கள். பிளாக் செய்வதற்கு முன் புரொஃபைலையும் சாட்டையும் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள், பிளாக் செய்தால் சாட் மறைந்துவிடும். பணம் போய்விட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-ஐ அழையுங்கள். வயது வந்த ஆண்கள் இருவர் சம்மதத்தோடு சேர்வது 2018 செப்டம்பர் 6 முதல் குற்றமில்லை. மிரட்டிப் பணம் பறிப்பது பாரதிய நியாய சன்ஹிதா என்ற தண்டனைச் சட்டத்தின் 308-ஆவது பிரிவில் குற்றம். "போலீஸுக்குச் சொல்வேன்" என்று மிரட்டுபவன்தான் போலீஸுக்குப் பயப்பட வேண்டியவன்.

இவ்வளவு திட்டியும் நண்பருக்கு என் பதில், போடுங்கள் என்பதே. அவர் இருப்பது சிறு ஊர். அங்கே பத்தாவது கட்டத்துக்குள் ஐம்பது கிலோமீட்டர் தாண்டிவிடும். ஆனாலும் நாலு கிலோமீட்டரில் இன்னொருவர் இருக்கிறார் என்று தெரிவது, முகமே இல்லாத கட்டமானாலும், வேறெங்கும் கிடைக்காத நிம்மதி. சென்னையில் இருப்பவர் கேட்டிருந்தால் வேண்டாம் என்றிருப்பேன். 2009 முதல் நம்மவர்களின் பிரைடு (சுயமரியாதைப்) பேரணி நடக்கும் ஊர் அது. நேரில் போய் நிற்க இடமுண்டு.