லேப்டாப்பை முழுசாகப் பூட்டி நாலு வருஷம்: கூடலூரிலிருந்து ஓர் அனுபவம்

2021 செப்டம்பரில் ஊட்டியிலிருந்து கூடலூர் வரும் பஸ்ஸில் என் லேப்டாப் பையைத் தொலைத்தேன். ஓர் அலுவலகத்தில் மனு கொடுத்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தேன். பையைத் தலைக்கு மேலே கம்பித் தட்டில் வைத்திருந்தேன். பைக்காரா தாண்டியதும் கண் அசந்துவிட்டது. நடுவட்டம் இறக்கத்தில் விழித்துப் பார்த்தால் தட்டு காலி. இன்றுவரை அது கிடைக்கவில்லை.

கூடலூர், பந்தலூர் பக்கத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களுக்கு மனு எழுதுவதும் ஆன்லைனில் விண்ணப்பம் போட்டுத் தருவதும் என் வேலை. என்னிடம் வருகிறவர்களில் பெரும்பாலோர் தாயகம் திரும்பியோர் குடும்பங்கள். 1964-இல் சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தான பிறகு இலங்கை மலையகத்திலிருந்து இங்கே வந்தவர்களும் அவர்கள் பிள்ளைகளும். அவர்களுக்கு வேலை கொடுக்கத்தான் 1968-இல் அரசு இந்தக் காடுகளில் தேயிலை நடத் தொடங்கியது. பின்னாளில் அதுதான் டான்டீ என்ற அரசுத் தேயிலைத் தோட்டக் கழகம் ஆனது. வந்தபோது கொடுத்த குடும்ப அட்டை, மடிப்பில் கிழிந்த பழைய பாஸ்போர்ட், பி.எஃப். தாள், ஆதார், பேங்க் பாஸ்புக்கின் முதல் பக்கம், சிலருடைய மருத்துவச் சான்று என்று எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து அந்த லேப்டாப்பில்தான் வைத்திருந்தேன்.

தொலைந்த விஷயத்தை ஒவ்வொருவரிடமும் நேரில் போய்ச் சொன்னேன். சேரம்பாடிப் பக்கம் ஒரு பாட்டி, வெற்றிலையை மடித்துக்கொண்டிருந்த கை அப்படியே நிற்க, கேட்டார்: "தம்பி, அந்தப் பொட்டிக்குள்ள எங்க கார்டும் இருந்துச்சா?"

இருந்தது என்றேன். "ஆனா பாஸ்வேர்டு போட்டிருக்கேன் பாட்டி, யாராலும் திறக்க முடியாது" என்றும் சொன்னேன். அதை நம்பித்தான் சொன்னேன். ஒரு வாரம் கழித்து, லேப்டாப் பழுது பார்க்கும் நண்பர் ஒருவர் அது எவ்வளவு தப்பு என்று காட்டினார். பழுதாகிக் கிடந்த தன்னுடைய பழைய லேப்டாப் ஒன்றை எடுத்தார். அதிலும் பாஸ்வேர்டு உண்டு. அடியில் சில ஸ்க்ரூ கழற்றி ஹார்ட் டிஸ்க்கை வெளியே எடுத்து, யுஎஸ்பி பெட்டிக்குள் போட்டு, வேறொரு கணினியில் செருகினார். அவர் மகளின் பிறந்தநாள் படங்கள் வரிசையாக வந்து நின்றன. எந்தப் பாஸ்வேர்டையும் அது கேட்கவில்லை. விண்டோஸோ லினக்ஸோ, உள்ளே நுழையும்போது கேட்கும் பாஸ்வேர்டு வாசலில் நிற்கும் காவல்காரர் மாதிரி. டிஸ்க்கைக் கழற்றுகிறவன் அந்த வாசல் வழியாக வருவதே இல்லை.

அன்று இரவே முடிவு செய்தேன், அடுத்த லேப்டாப்பில் டிஸ்க் முழுவதையும் என்கிரிப்ட் செய்யாமல், அதாவது சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி உருமாற்றிப் பூட்டாமல், ஒரு தாளைக்கூட ஸ்கேன் செய்வதில்லை என்று.

அக்டோபரில் ஒரு பழைய லேப்டாப் வாங்கினேன். 8 ஜிபி ரேம், 256 ஜிபி எஸ்எஸ்டி. விண்டோஸ் மாதிரியான இன்னொரு இயங்குதளமான லினக்ஸ் மின்ட் போட்டேன். ஏற்கனவே பழகியது என்பதோடு, டிஸ்க்கைப் பூட்டும் வசதி அதன் இன்ஸ்டாலரிலேயே இருக்கிறது என்பதும் காரணம். டிஸ்க் முழுவதையும் அழித்துவிட்டு நிறுவும் இடத்தில் 'கூடுதல் வசதிகள்' என்று ஒரு பொத்தான் இருக்கும். அதற்குள் போய் டிஸ்க்கைப் பகுதிகளாகப் பிரித்து ஆளும் எல்விஎம் என்ற முறையைத் தேர்ந்தெடுத்து, அதன் கீழே உள்ள என்கிரிப்ஷன் கட்டத்தையும் டிக் செய்தால், பாஸ்வேர்டு கேட்கும். அவ்வளவுதான். மற்றபடி வழக்கமான இன்ஸ்டால்தான். ஒன்றே ஒன்று, டிஸ்க்கில் இருப்பது எல்லாம் போய்விடும். ஏற்கனவே ஓடிக்கொண்டிருக்கும் கணினியில் செய்வதாக இருந்தால் முதலில் எல்லாவற்றையும் வேறு இடத்தில் நகலெடுத்து, அந்த நகல் திறக்கிறதா என்றும் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.

பின்னால் வேலை செய்வது லக்ஸ் என்ற அமைப்பு. 2004-இல் கிளமென்ஸ் ஃப்ரூவிர்த் என்பவர் உருவாக்கியது. இதில் நான் புரிந்துகொள்ளக் கொஞ்சம் நேரமான விஷயம் ஒன்று உண்டு. நாம் தட்டும் பாஸ்வேர்டு டிஸ்க்கைப் பூட்டுவதில்லை. டிஸ்க்கைப் பூட்டுவது கணினியே உருவாக்கும் ஒரு பெரிய சாவி. அந்தச் சாவியை ஒரு சின்னப் பெட்டிக்குள் வைத்து, அந்தப் பெட்டியைத்தான் நம் பாஸ்வேர்டு பூட்டுகிறது. பெட்டி இருக்கும் இடம் டிஸ்க்கில் பூட்டப்பட்ட பகுதியின் தொடக்கத்தில் உள்ள ஹெடர். இதனால்தான் ஒரே டிஸ்க்குக்கு ஒன்றுக்கு மேற்பட்ட பாஸ்வேர்டு வைக்கலாம்: லக்ஸின் முதல் பதிப்பில் 8 வரை, இரண்டாம் பதிப்பில் 32 வரை. இதனால்தான் பாஸ்வேர்டை மாற்ற ஒரு நிமிஷம்கூட ஆவதில்லை. ஹெடர் கெட்டுப்போனால் சரியான பாஸ்வேர்டு தெரிந்தும் ஒன்றும் செய்ய முடியாது என்பதற்கும் இதுவே காரணம்.

பாஸ்வேர்டு தேர்ந்தெடுக்கத்தான் எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போனது. பகடை உருட்டிச் சொற்களைத் தேர்ந்தெடுக்கும் முறை ஒன்று இருக்கிறது. 1995-இல் ஆர்னால்ட் ரைன்ஹோல்ட் முன்வைத்த டைஸ்வேர். அவருடைய பட்டியலில் 7,776 சொற்கள். நான் சின்னதாக, 216 எளிய தமிழ்ச் சொற்களை நோட்டில் எழுதி எண் போட்டேன். அக்கா மகளின் லூடோ பெட்டியிலிருந்து பகடையை எடுத்து, மூன்று முறை உருட்டினால் ஒரு சொல் என்று ஆறு சொற்களை எடுத்தேன். 216-ஐ ஆறு தடவை பெருக்கினால் ஒரு கோடி கோடிக்கு மேல் வருகிறது. ஒவ்வொரு தடவை முயற்சி செய்யவும் ஒன்றிரண்டு விநாடியும் நிறைய ரேமும் பிடிக்கும்படி லக்ஸ் வேண்டுமென்றே வைத்திருப்பதால், லேப்டாப்பைத் திருடுகிறவனைத் தடுக்க இது போதும் என்று எனக்குத் தோன்றியது. உங்களுக்குப் பயம் அதிகம் என்றால் ஏழாவதாக ஒரு சொல் சேருங்கள், 216 மடங்கு கூடிவிடும். பகடை கொடுத்த சொல் பிடிக்கவில்லை என்று மாற்றாதீர்கள். நமக்குப் பிடித்த சொல்லைப் பிறரும் ஊகிக்கலாம்.

இதில் தமிழுக்கென்றே ஒரு சிக்கல் வந்தது. கணினி விழிக்கும் அந்த முதல் திரையில் தமிழ் விசைப்பலகை கிடையாது. சொல் தமிழாக இருந்தாலும் ஆங்கில எழுத்தில்தான் தட்ட வேண்டும். அப்போது 'வாழை' என்று எழுத ஏ எழுத்து ஒன்றா இரண்டா? ழகரத்துக்கு இசட், எச் இரண்டும் போடுவதா, எல் போதுமா? வாட்ஸப்பில் ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு விதமாக எழுதும் கை இது. முதல் வாரத்தில் இரண்டு முறை நானே வெளியே நின்றேன். அப்புறம் ஒரு விதி வைத்துக்கொண்டேன்: நெடிலுக்கு எப்போதும் இரட்டை எழுத்து, ழகரம் வரும் சொல்லே வேண்டாம். பட்டியலிலிருந்து அந்தச் சொற்களை எடுத்துவிட்டு வேறு சொற்களைப் போட்டு, மறுபடியும் பகடை உருட்டினேன்.

அன்றாடம் எப்படி இருக்கிறது என்றுதான் பலரும் கேட்கிறார்கள். காலையில் ஆன் செய்ததும் கறுப்புத் திரை, ஒரு கட்டம். ஆறு சொற்களைத் தட்ட எனக்குப் பதினைந்து விநாடி. ஓரிரு விநாடி யோசித்துவிட்டு மேலே போகும். அதற்குப் பிறகு இப்படி ஒன்று இருப்பதே தெரியாது. வேகம் குறைந்ததாக நான் உணரவில்லை. இன்றைய பிராசஸர்கள் பெரும்பாலானவற்றில் டிஸ்க்கைப் பூட்டவும் திறக்கவும் வேண்டிய ஏஇஎஸ் என்ற கணக்கைப் போட தனி வசதி உள்ளேயே இருப்பதுதான் காரணம். மிகப் பழைய லேப்டாப் என்றால் மட்டும் அது இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

சிரமம் எல்லாம் வேறு இடங்களிலிருந்து வந்தது.

2023 ஜூலை. கூடலூர் மழை தெரிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டாம். துணி காயாது, உப்பு டப்பாவில் தண்ணீர் நிற்கும், சுவரோடு ஒட்டிய புத்தகத்தில் பூஞ்சணம் பூக்கும். மூன்று நாள் கரண்ட் இல்லாமல் லேப்டாப் பையிலேயே கிடந்தது. நாலாம் நாள் காலை ஆன் செய்து பாஸ்வேர்டைத் தட்டினேன். தவறு என்றது. மறுபடி தட்டினேன். தவறு. மூன்றாவது முறையும் தவறானதும், இத்தனை முறைதான் என்று சொல்லி வெறும் எழுத்துத் திரைக்குப் போய்விட்டது. ஒன்றே முக்கால் வருஷமாகத் தட்டிய பாஸ்வேர்டு. கை நடுங்கியது. ஹெடர் போய்விட்டது என்றே நினைத்தேன். அன்று பத்தரை மணிக்கு ஒரு பென்ஷன் மனுவுக்குத் தாள்களைக் கொடுத்தாக வேண்டும்.

வெளியே போய் ஒரு டீ குடித்துவிட்டு வந்து, மறுபடி ஆன் செய்து, இந்த முறை ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினேன். ஒரு எழுத்துக்கு ஒரு புள்ளி விழ வேண்டும். விழுந்தது, விழுந்தது, 'என்' எழுத்துக்கு வந்ததும் விழவில்லை. விரலை அழுத்திப் பிடித்தேன். கீ கீழே போனது, மேலே வந்தது, புள்ளி வரவில்லை. ஈரத்தில் அந்த ஒரு கீ மட்டும் செத்துப்போயிருந்தது. பக்கத்து ஜெராக்ஸ் கடையில் யுஎஸ்பி கீபோர்டு ஒன்றைக் கடன் வாங்கிச் செருகினேன், கணினி திறந்தது. அந்த முதல் திரையிலேயே யுஎஸ்பி கீபோர்டு வேலை செய்யும் என்பது அன்றுதான் எனக்குத் தெரியும். இப்போது மழைக்காலம் முழுக்க ஒரு சின்னக் கீபோர்டு என் பையில் இருக்கும்.

அந்த வாரமே தள்ளிப்போட்டிருந்த இரண்டு வேலைகளை முடித்தேன். முதலாவது, இரண்டாவது சிலாட்டில், அதாவது ஹெடரில் பாஸ்வேர்டுக்கான அடுத்த இடத்தில், இன்னொரு பாஸ்வேர்டு. அதைத் தாளில் எழுதி உறைக்குள் ஒட்டி மேட்டுப்பாளையத்தில் அக்கா வீட்டு பீரோவில் வைத்திருக்கிறேன். எனக்கு ஒன்று ஆனால் இந்தக் குடும்பங்களின் தாள்கள் என்னோடு போய்விடக் கூடாது. இரண்டாவது, ஹெடரின் நகல். ஒரே ஒரு கட்டளைதான். எனக்குக் கிடைத்தது 16 எம்பி கோப்பு. அதை அந்த லேப்டாப்பிலேயே வைத்துப் பயனில்லை, தனிப் பென்டிரைவில் வைத்தேன். இங்கே ஒரு எச்சரிக்கை: பாஸ்வேர்டை மாற்றிய பிறகும் பழைய ஹெடர் நகலோடு பழைய பாஸ்வேர்டு சேர்ந்தால் டிஸ்க் திறந்துவிடும், ஏனென்றால் உள்ளே இருக்கும் பெரிய சாவி மாறுவதில்லை. மாற்றினால் பழைய நகலை அழித்துவிட்டுப் புதிதாக எடுங்கள்.

கரண்ட் போவதால் டிஸ்க் கெட்டுவிடுமா என்ற பயமும் எனக்கு இருந்தது. முதல் ஒரு வருஷம் என் பேட்டரி பத்து நிமிஷம் தாங்காது. காற்றில் மரம் விழுந்து கம்பி அறும் ஊரில் லேப்டாப் எத்தனை முறை பொசுக்கென்று அணைந்திருக்கும் என்று எண்ணவே முடியாது. ஒரு கோப்பும் போகவில்லை. ஹெடரில் எழுதுவது பாஸ்வேர்டைச் சேர்க்கும்போதும் மாற்றும்போதும்தான், அன்றாட வேலையில் அதை யாரும் தொடுவதில்லை. அந்த வேலையை மட்டும் பேட்டரி நிறைய இருக்கும்போது செய்யுங்கள்.

இன்னொரு தொந்தரவு. லினக்ஸ் கிளம்புவதற்கான சின்னப் பகுதி ஒன்று இந்த அமைப்பில் பூட்டப்படாமல் தனியாக இருக்கும். எனக்கு அது சுமார் 700 எம்பி. அப்டேட் வர வர கெர்னல் எனப்படும் லினக்ஸின் மையப் பகுதியின் பழைய பதிப்புகள் சேர்ந்து அது நிரம்பி, ஒரு நாள் அப்டேட் பாதியில் நின்றது. பழைய கெர்னல்களை நீக்கியதும் சரியானது. இப்போது மாதம் ஒரு முறை பார்த்துவிடுகிறேன்.

பழக்கத்தில் மாற்ற வேண்டியது ஒன்று, அதுதான் எல்லாவற்றிலும் கஷ்டமாக இருந்தது. மூடியை மூடினால் லேப்டாப் தூங்கும், அணையாது. தூங்கும்போது சாவி ரேமில்தான் இருக்கிறது. 2008-இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், கரண்டை நிறுத்திய பிறகும் ரேம் சற்று நேரம் நினைவை வைத்திருக்கும், குளிர்வித்தால் இன்னும் அதிக நேரம் வைத்திருக்கும் என்று செய்தே காட்டினார்கள். பஸ்ஸில் பை தூக்குகிறவன் அதையெல்லாம் செய்யப் போவதில்லை, சரி. ஆனாலும் பஸ் ஏறும் முன் முழுசாக அணைத்துவிட்டுத்தான் ஜிப்பை இழுக்கிறேன். மறுபடி பதினைந்து விநாடி தட்ட வேண்டுமே என்று சோம்பிய நாட்கள் உண்டு. அந்த நாட்களில் பூட்டு இல்லாத மாதிரிதான்.

பென்டிரைவையும் சொல்ல வேண்டும். டிஸ்க்கிலிருந்து ஒரு கோப்பை எடுத்துப் பென்டிரைவில் போட்டு ஜெராக்ஸ் கடைக்குக் கொண்டுபோனால் அது திறந்த கோப்பு. அந்தக் கடைக் கணினியில் எத்தனை பேருடைய ஆதார் டெஸ்க்டாப்பிலேயே கிடக்கிறது என்று பார்த்தால் வயிறு கலங்குகிறது. நான் ஒரு பழைய பிரின்டர் வாங்கிவிட்டேன். பேக்கப் எடுக்கும் வெளி ஹார்ட் டிஸ்க்கையும் லக்ஸிலேயே பூட்டியிருக்கிறேன். 'டிஸ்க்ஸ்' என்ற செயலியில் ஃபார்மட் செய்யும்போதே பாஸ்வேர்டு வைக்கலாம், கட்டளை எதுவும் தேவையில்லை.

விண்டோஸ் வைத்திருப்பவர்களுக்கும் வழி உண்டு. புரோ பதிப்பில் டிஸ்க்கைப் பூட்டும் பிட்லாக்கர். ஆனால் அது வழக்கமாக கணினிக்குள் சாவியைக் காத்து வைக்கும் டிபிஎம் சிப்பை வைத்துத் தானே திறந்துகொள்ளும். ஆன் செய்ததும் பின் எண் (PIN) கேட்க வேண்டும் என்றால் விண்டோஸின் குரூப் பாலிசி அமைப்புகளில் போய் அதை நாமே இயக்க வேண்டும். ஹோம் பதிப்பில் டிவைஸ் என்கிரிப்ஷன் மட்டும்தான். இப்போது விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பைப் புதிதாக நிறுவி மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தால் அது தானாகவே இயங்கிவிடும். அப்படி இயங்கியிருப்பது தெரியாதவர்கள் நிறைய பேர் இருக்கிறார்கள். அதன் 48 இலக்க மீட்புச் சாவி எந்தக் கணக்கில் இருக்கிறது என்று இன்றே பார்த்து, ஒரு தாளில் எழுதி வையுங்கள். கணினி அதைக் கேட்கும் நாளில் தேடிக்கொண்டிருக்க முடியாது.

நடுவில் மின்ட் 20-லிருந்து 21, அப்புறம் 22 என்று இரண்டு பெரிய அப்டேட் செய்தேன். இரண்டு முறையும் பூட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை.

போன மாதம் திரையில் கோடு விழுந்து, கோயம்புத்தூரில் ஒரு கடையில் லேப்டாப்பைக் கொடுத்தேன். பில் எழுதும்போது பாஸ்வேர்டு கேட்டார்கள். தர முடியாது, வேறு மனிதர்களின் தாள்கள் உள்ளே இருக்கின்றன என்றேன். திரையைச் சோதிக்கப் பாஸ்வேர்டு எதற்கு என்று, பென்டிரைவிலிருந்தே ஓடும் லைவ் மின்ட்டைப் போட்டுக் காட்டினேன். கடைக்காரர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "அந்தப் பென்டிரைவையும் கொடுத்துட்டுப் போங்க" என்றார். இரண்டு நாள் லேப்டாப் அந்தக் கடையில் இருந்தது. அந்த இரண்டு இரவும் நான் நன்றாகத் தூங்கினேன். பஸ்ஸில் தொலைத்த பிறகு எத்தனையோ இரவு தூங்காமல் கிடந்தவன் நான்.