அணு தைலமா, ஷட்பிந்துவா, உப்புத் தண்ணீரா? மூக்குக்கு எது சரி

சைனஸ், தலைபாரம் என்று வாயைத் திறந்தால் போதும், ஒருவர் அணு தைலம் ரெண்டு சொட்டு விடச் சொல்வார், இன்னொருவர் எண்ணெயே வேண்டாம் உப்புத் தண்ணீரில் கழுவு என்பார், மூன்றாவது ஆள் கேரளாவில் ஏழு நாள் படுக்கவைத்து நசியம், அதாவது மூக்கு வழியாக மருந்து விடும் சிகிச்சை, செய்த கதையை ஆரம்பிப்பார். மூன்றும் மூன்று வேறு சமாச்சாரம், ஒன்றுக்கு ஒன்று மாற்று கிடையாது. என்னைக் கேட்டால் எந்த பாட்டில் என்பது அப்புறம். உங்கள் மூக்கு காய்ந்து கிடக்கிறதா, சளி கட்டி அடைத்திருக்கிறதா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

ஆயுர்வேதத்தில் எண்ணெய் நசியத்துக்கே இரண்டு அளவு உண்டு. பெரியது மர்சம், சின்னது பிரதிமர்சம். வாக்படர் எழுதிய பழைய ஆயுர்வேத நூலான அஷ்டாங்க ஹிருதயம் மர்சத்துக்கு ஒரு மூக்குத் துளைக்கு 10, 8, 6 துளி என்று மூன்று படி சொல்கிறது, பிரதிமர்சத்துக்கு 2 துளிதான். அந்தத் துளியும் டிராப்பர் துளி இல்லை, ஆள்காட்டி விரலை இரண்டு கணு வரை எண்ணெயில் முக்கி எடுத்தால் சொட்டுமே அது, கொஞ்சம் பெரிசு. மர்சம் என்றால் முகத்தில் தைலம் தேய்த்து, வேது கொடுத்து, தலையைச் சற்றுத் தாழ்த்திப் படுக்கவைத்து, இளஞ்சூட்டில் விட்டு, தொண்டைக்கு இறங்குவதை விழுங்கவிடாமல் துப்பவைத்து, கடைசியில் வெந்நீரில் கொப்பளிக்கச் சொல்வார்கள். பக்கத்தில் வைத்தியர் இருக்க வேண்டிய வேலை. வீடியோ பார்த்துவிட்டு வீட்டுக் கட்டிலில் படுத்துக்கொண்டு எட்டு பத்து சொட்டு ஊற்றிக்கொள்பவர்களை என்ன சொல்வது!

வீட்டில் தாராளமாகச் செய்யலாம் என்றால் அது பிரதிமர்சம்தான். 2020-இல் கொரோனா சமயத்தில் ஆயுஷ் அமைச்சகம் காலையும் மாலையும் நல்லெண்ணெய், தேங்காய் எண்ணெய் அல்லது நெய் தடவச் சொன்னதே, அது இந்தச் சின்ன அளவுதான். கொரோனாவைத் தடுத்ததா என்று கேட்டால் அதற்கு உருப்படியான ஆதாரம் கிடையாது. ஆனால் மூக்கு வறட்சிக்கு எண்ணெய் கேட்கும் என்பதற்கு ஆதாரம் இருக்கிறது: ஸ்வீடனில் குளிர்கால வறட்சியில் மூக்கு காய்ந்து போனவர்களுக்கு வெறும் நல்லெண்ணெயையும் உப்பு நீரையும் ஒப்பிட்டுப் பார்த்து 2001-இல் வெளியிட்டார்கள், நல்லெண்ணெய்தான் ஜெயித்தது. நாள் முழுக்க ஏசியில் உட்கார்ந்து மூக்குக்குள் பொருக்குத் தட்டி ரத்தம் கசிகிறவர்களுக்கு இதுவே போதும், மூலிகைத் தைலத்துக்குப் போகவே தேவையில்லை.

சரி, தைலங்களுக்கு வருவோம். அணு தைலத்துக்கு சந்தனம், தேவதாரு, கோரைக்கிழங்கு, வில்வம், அதிமதுரம் என்று இருபதுக்கும் மேற்பட்ட சரக்குகளை நூறு மடங்கு மழைநீரில் கஷாயமாக்கிச் சுண்டவைத்து, நல்லெண்ணெயோடு பத்துத் தடவை காய்ச்சி, பத்தாவது தடவையில் ஆட்டுப்பாலும் சேர்க்கச் சொல்கிறது பழைய பாடம். விட்டவுடன் சுள்ளென்று ஏறும், கண்ணில் நீர் கோத்துக்கொள்ளும், பிறகு கசப்பு மெதுவாகத் தொண்டைக்கு வரும். ஷட்பிந்து அதைவிடக் காரம், சுக்கும் இந்துப்பும் இருக்கிறது, கரிசலாங்கண்ணிச் சாறு வேறு. பேரிலேயே ஆறு துளி என்று அளவு இருப்பதால் அதைத் தினமும் விட்டுக்கொள்பவர்கள் இருக்கிறார்கள். ஆறு என்பது மர்சக் கணக்கு, தினசரிக் கணக்கு இல்லை. முடி கொட்டுவது நிற்கும், ஆடுகிற பல் கெட்டிப்படும் என்பதையெல்லாம் நம்பி இதை வாங்க வேண்டாம் என்பது என் கருத்து.

க்ஷீரபலா 101 என்ற தைலம் வேறு ஜாதி. குறுந்தொட்டி வேர், பால், நல்லெண்ணெய், அவ்வளவுதான் சேர்மானம். அதையே 101 ஆவர்த்தி, அதாவது 101 தடவை திரும்பத் திரும்ப, காய்ச்சுவதால்தான் குட்டி பாட்டிலுக்கு அந்த விலை. காரமே இல்லாமல் மெத்தென்று இருக்கும். கழுத்து வலி, முகவாதம் மாதிரி வாத நோய்களுக்குக் கேரள வைத்தியர்கள் எடுப்பது இதைத்தான். சளிக்கு இதை விட்டுவிட்டு ஒன்றும் கேட்கவில்லை என்று புலம்புவதில் அர்த்தமில்லை.

இனி உப்புத் தண்ணீர். நாள்பட்ட சைனஸ், அலர்ஜித் தும்மல், கெட்டிச் சளி, இந்த மூன்றிலும் என் ஓட்டு இதற்குத்தான். காது மூக்கு தொண்டை டாக்டர்களும் இதைத்தான் சொல்கிறார்கள், ஆய்வுகளின் பலமும் எல்லாத் தைலங்களையும்விட இதற்கே அதிகம், செலவும் கிட்டத்தட்ட பூஜ்யம். அடைத்துக் கிடக்கும் மூக்கில் எண்ணெய் விட்டால் அது சளிக்கு மேலே உட்கார்ந்திருக்குமே தவிர உள்ளே போகாது, புது ஜலதோஷத்தில் நசியம் கூடாது என்று பழைய நூல்களே சொல்லியிருக்கின்றன. ஒரே நிபந்தனை, தண்ணீர் கொதித்து ஆறியதாக இருக்க வேண்டும். குழாய்த் தண்ணீரால் மூக்கு கழுவியதில் மூளை தின்னும் அமீபா ஏறி 2011-இல் அமெரிக்காவின் லூசியானாவில் இரண்டு பேர் இறந்தார்கள், அதே வகை அமீபா கேரளாவிலும் உயிர் குடித்திருக்கிறது. அதனால் இதில் சோம்பேறித்தனம் ஆகாது.

பொடியைக் குழாயில் வைத்து ஊதுவது, சாறு பிழிந்து விடுவது என்று இன்னும் சில முறைகள் உண்டு. தலைவலிக்குத் தும்பைச் சாறு விடும் நம் ஊர்ப் பழக்கமும் அந்த வகைதான். எரிச்சல் அதிகம், அளவும் நிச்சயமில்லை, எனவே ஒப்பீட்டிலேயே சேர்க்கவில்லை. சித்த மருத்துவத்தில் தேரையர் ஒன்றரை மாதத்துக்கு ஒரு தரம்தான் நசியம் என்று வைத்திருக்கிறார், தினம் தினம் தைலம் விடுபவர்கள் அதையும் யோசிக்கலாம்.

குழந்தைகள் விஷயத்தில்தான் நூலோடு நான் ஒத்துப்போகவில்லை. பெரிய நசியம் 7 வயதுக்குக் கீழேயும் 80-க்கு மேலேயும் கூடாது என்று சொல்லும் வாக்படர், பிரதிமர்சத்தைப் பிறந்ததிலிருந்தே செய்யலாம் என்கிறார். ஆனால் மூக்கில் விட்ட எண்ணெய் இருமல்கூட வராமல் நுரையீரலுக்கு இறங்கி ஒருவகை நிமோனியா வருவது இன்று தெரிந்த விஷயம். குளிப்பாட்டும்போது கைக்குழந்தை மூக்கில் எண்ணெய் விட பாட்டி கையை நீட்டினால் தடுத்துவிடுங்கள். சரியாக விழுங்க முடியாத முதியவர்கள், பக்கவாதம் வந்தவர்களுக்கும் இதே எச்சரிக்கை. கடையில் வாங்கும்போது மூக்குக்கு என்று லேபிளில் போட்டிருக்கிறதா என்று பாருங்கள், உடம்புக்குத் தேய்க்கும் க்ஷீரபலா தைலமும் அதே பேரில் பக்கத்திலேயே அடுக்கியிருக்கும்.